சாட்சிக் கையெழுத்து

போர்முனை வீரத்துக்கு அமெரிக்கா தரும் மிக உயர்ந்த விருது மெடல் ஆஃப் ஆனர். வெர்னன் பேக்கருக்கு அது 1997 ஜனவரி 13 அன்று வெள்ளை மாளிகையில் அணிவிக்கப்பட்டது. அதற்குக் காரணமான சண்டை நடந்தது 1945 ஏப்ரலில். இருபத்தைந்து வயதில் செய்த காரியத்துக்கு எழுபத்தேழு வயதில் விருது. அன்றைக்கு அந்த அறையில் ஏழு பதக்கங்கள் வழங்கப்பட்டன. ஏழு பேருமே இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட கறுப்பினத்தவர்கள். தன் காலால் நடந்து வந்து வாங்கிக்கொண்டவர் பேக்கர் மட்டும்தான். மற்றவை மனைவி, மகன், சகோதரி என்று யார் யார் கைக்கோ போயின. ஒன்றை வாங்கிக்கொள்ள உறவென்று ஒருவரும் இல்லை.

அரை நூற்றாண்டுத் தாமதம் என்று சொல்லி வருத்தப்பட்டுவிட்டு இந்தக் கதையை முடித்துவிடலாம். பத்திரிகைகள் பெரும்பாலும் அப்படித்தான் முடித்தன. என்னைப் பிடித்து நிறுத்துவது பதக்கத்தோடு வாசிக்கப்பட்ட பாராட்டுப் பத்திரம். உலகத்து ராணுவங்கள் எல்லாமே எழுதும் இந்த வகை உரைநடைக்கு இலக்கியத்தில் யாரும் இடம் கொடுப்பதில்லை. ஒரே பத்தி, ஒரே மூச்சு. இயந்திரத் துப்பாக்கிகள் படையைத் தடுத்து நிறுத்தின. அவர் ஊர்ந்து போய் ஒரு நிலையை அழித்து மூன்று ஜெர்மானியரைக் கொன்றார். கண்காணிப்புக் குழி ஒன்றைத் தாக்கி உள்ளே இருந்த இருவரைக் கொன்றார். தன் வீரர் ஒருவரின் துணையோடு மேலும் இரண்டு துப்பாக்கி நிலைகளை முறியடித்தார். காயம்பட்டவர்களைக் கொண்டுபோக வழிவிட்டு, மறைவில்லாத இடத்தில் நின்று எதிரியின் குண்டுகளைத் தன் பக்கம் இழுத்தார். மறுநாள் இரவு தானே முன்வந்து கண்ணிவெடி நிலத்தின் ஊடே ஒரு பட்டாலியனுக்கு முன்னால் நடந்தார். அவ்வளவுதான் பத்திரம். எல்லாமே நடந்தவை, பொய் என்று ஒன்றுகூட இல்லை.

அதே நாளைப் பேக்கர் சொல்லும்போது வேறு மாதிரி இருக்கும். இத்தாலியின் மேற்குக் கரையோரம், மாஸாவுக்குப் பக்கத்தில் அகினொல்ஃபி என்ற பழைய கோட்டை. கடலையும் கடலோரச் சாலையையும் ஒருசேரப் பார்க்கும் குன்றின் மேல் நிற்பது. ஜெர்மானியரின் கோதிக் அரண்வரிசை கடலைத் தொடும் இடம் அதுதான். அந்த முனையில் முன்பு நடந்த தாக்குதல்கள் தோற்றிருந்தன. ஏப்ரல் 5 விடியலில் 92ஆம் காலாட்படை டிவிஷனின் 370ஆம் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த சி கம்பெனி அந்தக் கோட்டையை நோக்கி ஏறியது. கறுப்பு வீரர்களுக்கென்றே பிரித்து வைக்கப்பட்ட டிவிஷன் அது. உயர் அதிகாரிகள் வெள்ளையர்கள். லெப்டினன்ட் பேக்கர் தன் ஆட்களோடு கோட்டைக்கு முந்நூறு கெஜத்துக்கும் குறைவான தூரம்வரை போய்விட்டார். பின்னால் வரவேண்டியவர்கள் வெகுதூரத்தில் இருந்தார்கள்.

குன்றுச் சரிவில் ஒரு பிளவிலிருந்து உருளையாக இரண்டு பொருள்கள் நீட்டிக்கொண்டிருந்தன. துப்பாக்கிக் குழல் என்று நினைத்து ஊர்ந்து போய், பிளவுக்குள் தன் ரைஃபிளை நுழைத்துச் சுட்டுத் தீர்த்தார். உள்ளே இருந்தது தொலைநோக்கி. பக்கத்தில் இலைதழை போட்டு மறைத்திருந்த இயந்திரத் துப்பாக்கி நிலையில் இருவர் காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் சுட்டார். பத்திரத்துக்கு அந்த இருவரும் எண்ணிக்கை. அவருக்கோ, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். ஐம்பது ஆண்டு கழித்துச் சொல்லும்போதும் அந்தச் சாப்பாட்டை அவர் விட்டுவிடவில்லை.

பிறகு கம்பெனித் தலைவர் வந்து சேர்ந்தார். வெள்ளைக்காரக் கேப்டன். ஒரு ஜெர்மானியன் எறிந்த கையெறி குண்டு அவர்கள் நடுவே விழுந்து வெடிக்காமல் கிடந்தது. ஓடியவனைப் பேக்கர் சுட்டார். பீரங்கிக் குண்டுகள் மரங்களைக் கிழிக்கத் தொடங்கின, ஆட்கள் விழுந்தார்கள். உதவிப்படை கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கேப்டன் கீழே இறங்கிப் போனார். உதவிப்படை வரவில்லை. மேலே இருந்தவர்கள் செத்துவிட்டதாகக் கீழே சொல்லப்பட்டிருந்தது என்பது பேக்கர் பின்னாளில் தெரிந்துகொண்டு சொன்னது. குண்டுகள் தீர்ந்துகொண்டிருந்த நிலையில், மிச்சம் இருந்த ஆறேழு பேரை அழைத்துக்கொண்டு, வழியில் விட்டுவந்த இரண்டு துப்பாக்கி நிலைகளையும் அழித்துவிட்டு, அவர் இறங்கி வந்தார். செத்தவர்கள் பத்தொன்பது பேர். அவர்களுடைய கழுத்திலிருந்த அடையாளத் தகடுகளைச் சேகரித்துக்கொண்டு போய் ரெஜிமென்ட் தளபதியிடம் ஒப்படைத்தபோது, தலையில் ஹெல்மெட் இல்லாமல் வந்து நின்றதற்காகத் திட்டு வாங்கினார் என்று தன் நூலில் எழுதியிருக்கிறார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்திரத்தில் கேப்டன் கிடையாது. வராத உதவிப்படை கிடையாது. ஹெல்மெட் கிடையாது. பத்தொன்பது பேர் கிடையாது; 'காயம்பட்டவர்கள்' மட்டும் உண்டு, அவர்களும் அவருடைய தீரத்தைக் காட்டுவதற்காக. ஒரு மனிதன் ஏன் தனியாக அவ்வளவு செய்யவேண்டி வந்தது என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. தனிமனித வீரம் என்று நாம் கொண்டாடுவதில் பாதி, யாரோ தன் வேலையைச் செய்யாமல் போனதால் விளைந்தது. பாராட்டுப் பத்திரம் அந்த யாரோவை அழித்துவிட்டு வீரத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது. அந்த எழுத்து வகையின் இலக்கணமே அதுதான் என்று எனக்குப் படுகிறது.

அதை எழுதுவது யார் என்பதும் முக்கியம். வீரம் தானாகப் பதக்கமாவதில்லை. கண்ணால் பார்த்தவர்கள் வாக்குமூலம் தரவேண்டும். மேலதிகாரி பரிந்துரை எழுதவேண்டும். அது கம்பெனியிலிருந்து பட்டாலியன், ரெஜிமென்ட், டிவிஷன் என்று ஒவ்வொரு மேசையாக ஏறவேண்டும். எந்த மேசையிலும் யாரும் அதை மறுத்துக் கையெழுத்திடத் தேவையில்லை. எடுக்காமல் விட்டாலே போதும். பேக்கர் விஷயத்தில் எழுதவேண்டிய மேலதிகாரி பாதி நாளிலேயே மலையிறங்கிப் போய்விட்டவர். பார்த்தவர்களில் பெரும்பாலோர் அன்றே செத்துப்போனார்கள். மீந்தவர்கள் கறுப்புச் சிப்பாய்கள்.

சங்க காலத்துக்குப் பின் நம் ஊரில் நட்ட நடுகற்களைப் பற்றி யோசிக்கையில் இந்த இடம் இன்னும் துலக்கமாகிறது. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல் ஒன்று உண்டு. இறந்த வீரன் கருந்தேவக்கத்தியோடு அவனுடைய நாய் கோவிவனும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதைக் கல்லே சொல்கிறது. பல்லவ அரசனுக்கு அந்த நாயைப் பற்றி என்ன தெரியும்? அதை அருகிலிருந்து அறிந்தவர்கள் கல்லில் சொல்ல வைத்தார்கள், நாய்க்கும் பெயர் கிடைத்தது. பேக்கரின் பத்தொன்பது பேருக்கு அந்த நெருக்கம் வாய்க்கவில்லை. அவர்களைப் பார்த்தவனும் எழுதும் அதிகாரம் படைத்தவனும் வேறு வேறு ஆட்கள்.

92ஆம் டிவிஷனின் தளபதி மேஜர் ஜெனரல் எட்வர்ட் ஆல்மண்ட், வர்ஜீனியாக்காரர். கறுப்பர்களுக்குச் சண்டை போட வராது என்பது அவர் தீர்மானம். தோல்விகளுக்கெல்லாம் அதையே காரணம் காட்டினார், சாகும்வரை அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. தோற்ற தளபதி என்று யாரும் அவரை ஒதுக்கவில்லை. ஐந்தாண்டு கழித்துக் கொரியாவில் ஒரு படைத்தொகுதிக்கே தலைமை வகித்தார். பேக்கருக்குப் போர் முடிந்த கையோடு கிடைத்தது இரண்டாம் நிலை விருதான டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ். அதுவே கறுப்பருக்குப் பெரிது என்று நினைக்கப்பட்ட காலம். அந்தப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பர்கள் அமெரிக்கச் சீருடை அணிந்திருந்தார்கள். மெடல் ஆஃப் ஆனர் நானூறுக்கும் மேல் கொடுக்கப்பட்டது. கறுப்பருக்கு ஒன்றுகூட இல்லை.

அதே ஏப்ரல் 5. அகினொல்ஃபியிலிருந்து சில மைல் தள்ளி, செரவேஸா மலைப்பகுதியில், அதே 92ஆம் டிவிஷனோடு அப்போது இணைக்கப்பட்டிருந்த 442ஆம் ரெஜிமென்ட் சண்டையிட்டது. இது ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களின் படை. சடாவோ முனெமோரி என்ற இளைஞர் கையெறி குண்டின் மேல் தன் உடம்பைப் போட்டு இரு தோழர்களைக் காப்பாற்றிவிட்டு இறந்தார். அவர் குடும்பத்தைக் கலிஃபோர்னியாவின் மன்சனார் முகாமில் அடைத்து வைத்திருந்தது அதே அமெரிக்க அரசுதான். 1946இல் அவருக்கு மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது. அவர் படையில் மற்றவர்களுக்குக் கிடைக்க 2000ஆம் ஆண்டு ஆயிற்று. அப்படிப் பெற்றவர்களில் ஒருவர் டேனியல் இனோயே. அதற்குள் அவர் பல தடவை செனட்டராகிவிட்டிருந்தார். ஒரே டிவிஷன், ஒரே நாள். ஒரு காகிதம் மேலே ஏறியது, இன்னொன்று பாதியில் நின்றது. செத்தவனுக்குக் கொடுப்பதில் அரசுகளுக்குச் சங்கடம் குறைவு என்பதும் இதில் இருக்கலாம். செத்தவன் அடுத்த நாள் பேருந்தில் வெள்ளையருக்கான முன்வரிசையில் உட்காரமாட்டான்.

பேருந்து என்று சும்மா சொல்லவில்லை. 1946 பிப்ரவரியில் கறுப்பினச் சார்ஜென்ட் ஐசக் வுடார்ட் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்ட அன்றே, சீருடையோடு, பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். ஓட்டுநரோடு வாய்த்தகராறு. தென் கரோலைனாவின் பேட்ஸ்பர்க் ஊரில் காவல்துறைத் தலைவர் அவரை இறக்கித் தடியால் அடித்ததில் இரு கண்ணும் போயின. அடித்தவரை முழுக்க வெள்ளையர்களே இருந்த ஜூரி விடுதலை செய்தது. இந்தச் சம்பவம் ஜனாதிபதி ட்ரூமனை உலுக்கியது. 1948 ஜூலையில் ராணுவத்தில் இனப்பிரிவினையை நீக்கும் ஆணை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். வுடார்ட்டுக்குக் கண் திரும்பவில்லை.

இத்தாலிப் போர்முனையில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் படைப்பிரிவின் சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரியில் மிக்னானோ அருகே கண்ணிவெடியின் மேல் தன்னைப் போட்டுக்கொண்டு கூட இருந்தவர்களைக் காத்து இறந்தார். அவருக்குப் பிரிட்டனின் உயர் வீரவிருதான ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது. நம்மை அடிமையாக வைத்திருந்த பேரரசு ஒரு தமிழனுக்குக் கொடுத்ததை, சுதந்திரத்துக்காகவே போரிடுவதாகச் சொன்ன குடியரசு தன் கறுப்புக் குடிமகனுக்குக் கொடுக்கவில்லை. இதைப் பேரரசின் நல்ல மனசுக்குச் சான்றாக எடுக்க நான் தயாரில்லை. கூலிப்படையின் விசுவாசத்துக்குப் பரிசு தருவது ஆள்பவனுக்குச் சௌகரியம். சமமாக உட்காரக் கேட்பவனுக்குப் பரிசு தருவதில்தான் சிக்கல்.

1993இல் அமெரிக்க ராணுவம் கறுப்பருக்கு ஒன்றுகூட இல்லை என்ற அந்தப் பூஜ்யத்தை ஆராயும் பொறுப்பை வட கரோலைனாவின் ஷா பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. ஆய்வாளர்கள் கோப்புகளைத் துழாவினார்கள். கறுப்பர் எவரையும் அந்த உயர் விருதுக்குப் பரிந்துரைத்த காகிதம் ஆவணங்களில் அகப்படவில்லை. பரிந்துரையே இல்லாதபோது யாரும் மறுக்கவில்லை. மறுக்காதபோது குற்றவாளி யார்? ராணுவத்தின் பிரிவினைச் சூழலே காரணம் என்று ஆய்வு முடிவுகட்டியது. சூழலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது என்பது அரசுக்கு எப்போதும் வசதியான விஷயம். பரிந்துரைக்கும் காலக்கெடு 1952லேயே முடிந்துவிட்டிருந்ததால் 1996இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றவேண்டி இருந்தது. ஏழு பெயர்கள் தேர்வாயின.

அந்த ஏழில் ஜார்ஜ் வாட்சன் நியூ கினி அருகே மூழ்கும் கப்பலில் நீந்தத் தெரியாதவர்களை ஒவ்வொருவராக மிதவையில் ஏற்றிவிட்டுத் தானும் மூழ்கியவர். வாங்க உறவில்லாமல் போன பதக்கம் அவருடையது. அது அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. எட்வர்ட் கார்ட்டர் கல்கத்தாவிலும் ஷாங்காயிலும் வளர்ந்து, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோவை எதிர்த்துச் சண்டையிட்டவர். அந்த வரலாற்றால் கம்யூனிஸ்ட் என்ற சந்தேகம் விழுந்து, 1949இல் ராணுவம் அவரைக் காரணம் சொல்லாமலே மறுபடி சேர்க்க மறுத்தது. 1963இல் இறந்தார். மன்னிப்பு 1999இல் வந்தது. அவர் வீட்டார் அதை என்ன செய்வார்கள் என்று ராணுவம் யோசித்திருக்குமா தெரியவில்லை.

எனக்கு முக்கியமானவர் ரூபன் ரிவர்ஸ். 761ஆம் டாங்கிப் பட்டாலியனைச் சேர்ந்த சார்ஜென்ட். 1944 நவம்பரில் பிரான்ஸில் கண்ணிவெடியில் கால் எலும்பு தெரியக் கிழிந்தபிறகும், மருத்துவமனைக்குப் போக மறுத்து மூன்று நாள் டாங்கியிலேயே இருந்து சண்டையிட்டு, நவம்பர் 19 அன்று இறந்தார். அவருடைய கேப்டன் டேவிட் வில்லியம்ஸ், வெள்ளையர். அப்போதே உயர் விருதுக்குப் பரிந்துரைத்ததாகவும் மேலே அது எடுபடவில்லை என்றும் வில்லியம்ஸ் சொன்னார். அவர் விடவில்லை. போர் முடிந்தும், வயதாகியும், பல பத்தாண்டுகள் அதையே பேசினார், எழுதினார், கேட்டுக்கொண்டே இருந்தார். ரிவர்ஸின் பதக்கத்தை அவர் சகோதரி வாங்கியபோது வில்லியம்ஸ் உயிரோடு இருந்தார். ஒரு கேப்டன் மலையிறங்கிப் போனார், ஒரு கேப்டன் இறங்கவே இல்லை. இருவரும் ஒரே ராணுவத்தில், ஒரே பாகுபாட்டுச் சூழலில்தான் இருந்தார்கள். எல்லாப் பழியையும் சூழலின் தலையில் கட்டியது எனக்கு உவப்பாக இல்லாததற்கு இவரே காரணம்.

பேக்கரின் வாழ்க்கை பதக்கத்துக்காகக் காத்துக் கிடக்கவில்லை. வயோமிங் மாநிலத்து ஷையென் நகரில் 1919இல் பிறந்தவர். நான்கு வயதில் பெற்றோரைக் கார் விபத்தில் இழந்து, ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தாவிடம் வளர்ந்தார். சுடக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. வீட்டுக்கு இறைச்சி வேண்டும் என்பதற்காக. 1941இல் ராணுவத்தில் சேரப் போனபோது, உங்கள் ஆட்களுக்கு இடமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போய் வேறு அதிகாரியிடம் சேர்ந்தார். போருக்குப் பிறகும் ராணுவத்தில் தொடர்ந்து 1968இல் ஓய்வு பெற்றார். செஞ்சிலுவைச் சங்கத்தில் நெடுநாள் வேலை பார்த்தார். கடைசியில் குடியேறியது வடக்கு ஐடஹோவின் செயின்ட் மேரிஸ் பக்கத்துக் காட்டுப் பள்ளத்தாக்கில். வேட்டைக்காக. அதே வடக்கு ஐடஹோவின் ஹேடன் லேக்கில்தான் ஆரியன் நேஷன்ஸ் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் அந்த ஆண்டுகளில் தலைமையகம் வைத்திருந்தது. நல்ல எல்க் மான்கள் கிடைக்கும் இடத்தை அவர்களுக்காக விட்டுக்கொடுக்க அவர் நினைக்கவில்லை போலிருக்கிறது. அவர் பின்னாளில் மணந்த மனைவி ஜெர்மனியில் பிறந்தவர்.

விருது நாளில் ஜனாதிபதி கிளின்டன் பதக்கத்தை அணிவிக்கும்போது பேக்கரின் கண்ணிலிருந்து நீர் இறங்கியதைக் கேமராக்கள் பதிவு செய்தன. அதை நன்றிக் கண்ணீர் என்று எழுதியவர்கள் உண்டு. இளவயதில் தாங்கள் எல்லோரும் கோபத்தோடு இருந்ததாகவும் ஆனால் செய்யவேண்டிய வேலை இருந்ததால் செய்ததாகவும் அவரே சொன்னார். நிலைமை மாறும் என்று தெரியும், அதைப் பார்க்க உயிரோடு இருப்பதில் மகிழ்ச்சி என்றும் சேர்த்துக்கொண்டார். கசப்பில்லாத பேச்சு. ஆனால் கோபம் என்ற பகுதியை அவர் விட்டுவிடவில்லை என்பதைப் பலர் கவனிக்கவில்லை. கௌரவிக்கப்படும் கிழவர் சாந்தமாக இருக்கவேண்டும் என்று விழாக்கள் எதிர்பார்க்கின்றன. அவர் அந்த எதிர்பார்ப்பைப் பாதிதான் நிறைவேற்றினார்.

பதக்கம் வந்தபிறகு 2010 ஜூலையில் இறக்கும்வரை பள்ளிகளிலும் படைமுகாம்களிலும் பேசக் கூப்பிட்டார்கள், போனார். போன இடங்களில் தன்னைப் பற்றிக் கேட்டால் அந்தப் பத்தொன்பது பேரைப் பற்றிச் சொன்னார், பதக்கம் அவர்களுடையது என்றார். இதை வீரர்கள் வழக்கமாகச் சொல்லும் அடக்கமான பேச்சு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். எனக்கு அது வேறாகக் கேட்கிறது. 1945இல் தகடுகளை ஒப்படைக்கப் போனபோது ஹெல்மெட்டைப் பற்றித்தான் கேட்டார்கள். ஆட்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஐம்பத்திரண்டு ஆண்டு கழித்து, கழுத்தில் அந்தப் பதக்கத்தின் நீல நாடா இருந்ததால், அவர் சொன்னதை நிறுத்தாமல் கேட்க ஆள் கிடைத்தது. அந்தப் பேச்சை எந்த மேசையும் பதிவு செய்து மேலே அனுப்பவில்லை. மலையில் அன்று என்ன செய்துவிட்டுச் செத்தார்கள் என்பதற்கு அவர் வாய்மொழியைத் தவிர வேறு ஆவணம் அநேகமாக இல்லாத பத்தொன்பது பேரில், இன்னொரு பதக்கத்துக்கு உரியவர் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எந்தப் பல்கலைக்கழகமும் இனி ஆராய முடியாது.